முத்தையா அண்ணாச்சி டிப் பார்த்த இடம்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் காப்பி டம்ளரோடு எழுந்து அடுத்த மேசைக்குப் போய்விடுகிற ஆள் நான். மண்ணைத் தோண்டி, பாட்டிலில் அடைத்து, லேபுக்கு அனுப்பி, அங்கிருந்து வருகிற எண்ணை மட்டும் நம்பிப் பிழைக்கிறவன். அதனால் இதை நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பமாட்டேன். ஆனால் நடந்தது நடந்ததுதான்.

அம்பாசமுத்திரத்திலிருந்து பாபநாசம் போகிற ரோட்டில் ஒரு பழைய பெட்ரோல் பங்க், மூடிப் பல வருஷமாகிறது. மேற்கூரையும் நாலு தூணும்தான் மிச்சம். அங்கே மண்ணும் நிலத்தடி நீரும் கெட்டிருக்கிறதா என்று பார்க்கும் வேலை எங்கள் கம்பெனிக்கு வந்தபோது நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். ஏனென்றால் ஐந்தாம் வகுப்பில் நான் தினமும் சைக்கிளுக்குக் காற்றடித்த பங்க் அது. டயரில் காற்று இருக்கும், இருந்தாலும் போய் நிற்பேன், முத்தையா அண்ணாச்சியைப் பார்க்கத்தான்.

அண்ணாச்சி அங்கே பெட்ரோல் போடுகிறவர். காக்கிச் சட்டை, தோளில் ஒரு கந்தல் துணி. காலையில் டேங்கை அளக்கிற நீளமான கம்பியின், டிப் ராடின், நுனியில் ஒரு களிம்பைத் தடவி, தரைக்கடியில் இருக்கும் டேங்குக்குள் இறக்குவார். உள்ளே தண்ணீர் கலந்திருந்தால் களிம்பு சிவந்துவிடும். அது சிவக்கிறதா என்று பார்ப்பதற்காகவே எத்தனையோ நாள் பள்ளிக்கூடத்துக்குப் பிந்திப்போய் அடி வாங்கியிருக்கிறேன், ஒரு நாள்கூடச் சிவந்ததில்லை. கடைசியில் அண்ணாச்சி தலையில் ஒரு தட்டுத் தட்டி விரட்டுவார். அந்தப் பெட்ரோல் வாசனையும் அந்தக் கையின் சொரசொரப்பும், இப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும். அவர் இறந்தபோது நான் மஸ்கட்டில் இருந்தேன், வரமுடியவில்லை. அது இன்றுவரை ஒரு குறைதான்.

பங்க்கை ஒட்டிக் கீழ்ப்புறம் செல்லத்தாய் அக்காவின் இட்லிக் கடை. கடைக்குப் பின்னாலிருக்கிற கிணற்றில் டீசல் வாடை வந்து, அவர் மனுமேல் மனுப் போட்டதால்தான் இந்த வேலையே நடந்தது. கடை மூடி நாலு மாதம்.

“யய்யா, எனக்குச் சட்டமெல்லாம் பேசத் தெரியாது. இந்த வாடை எங்கேருந்து வருதுன்னு மட்டும் சொல்லிட்டுப் போ. எல்லாரும் என் மாவுலதான் கோளாறுங்காவ” என்றார்.

வரைபடத்தில் மூன்று டேங்குகள், மூன்றையும் எப்போதோ தோண்டி எடுத்துவிட்டார்கள். அந்தக் குழிகளைச் சுற்றி நாலு துளை போட்டோம், மண் சுத்தமாக இருந்தது. ஐந்து துளைக்குத்தான் அனுமதி. ஐந்தாவதும் சுத்தமென்றால் கிணற்றுக்கும் பங்க்குக்கும் சம்பந்தமில்லை என்று என் கையாலேயே எழுதவேண்டும், எழுதிவிட்டால் அக்கா கடையை மறந்துவிட வேண்டியதுதான்.

துளை போடும் அருளும் அவர் ஆட்களும் சாப்பிடப் போயிருந்தார்கள். ராத்திரி இல்லை, கவனியுங்கள், உச்சி வெயில். வரைபடத்தை வைத்துக்கொண்டு கூரைக்கடியில் தனியாக நிற்கிறேன், சிமெண்டில் இரும்பு மூடி விழுகிற சத்தம் கேட்டது. நிமிர்ந்தால், வேப்பமரத்தடியில் காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் முதுகைக் காட்டிக் குனிந்து, தரையிலிருந்து ஒரு டிப் ராடை உருவிக்கொண்டிருக்கிறார். பழைய ஆள் யாரோ என்றுதான் நினைத்தேன். அவர் நுனியைப் பார்த்தார், நானும் பார்த்தேன். இரத்தச் சிவப்பு.

துணியால் துடைத்துவிட்டு என் பக்கமாக நடந்து வந்தார்.

“ஏலே பொடியா, பெல் அடிச்சிருப்பாவ. இன்னும் இங்கன என்னலே நிக்க? போ, பைய மிதிச்சுப் போ.”

என்னைப் பொடியா என்று கூப்பிட்டவர் உலகத்தில் ஒருவர்தான். பிறகு அவர் தூணுக்குப் பின்னால் போனார், அந்தப் பக்கம் வெளியே வரவில்லை. பயமே வரவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன், அழுகைதான் வந்தது.

அருள் திரும்பி வந்ததும் வேப்பமரத்தைக் காட்டினேன்.

“சார், படத்துல அங்கன ஒண்ணுமே இல்லையே. தெக்குப் பக்கம் போடணும்னுதான காலையில சொன்னீய?”

“இங்க போடுங்க அருள்.”

“காரணம்னு ஒரு கட்டம் இருக்கே, அதுல என்ன எழுத?”

“சந்தேகம்னு எழுதுங்க.”

இரண்டடியில் இரும்பு தட்டியது. துளை போடுவதை நிறுத்தி, கையாலேயே மண்ணை அள்ளினோம். நெருஞ்சி முளைத்துக் கிடந்த, யாரும் தொடாத மண். அதற்கடியில் துருப்பிடித்த ஒரு மூடி, மூடிக்குக் கீழே எந்தப் படத்திலும் இல்லாத ஒரு டேங்க். திறந்ததும் எண்ணெய் ஆவியை அளக்கிற மீட்டரில் எண்கள் கிடுகிடுவென ஏறின. உள்ளே பழைய டீசல், அடியில் தண்ணீர். கிணற்றைப் பார்த்த பக்கம் துரு தின்று ஓட்டையாகியிருந்தது.

அக்கா ஓடி வந்து எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். “என் மாவுல கோளாறில்லன்னு எழுதிக் குடு, யய்யா” என்றார். மாவைப் பற்றி நான் எழுத முடியாது. லேப் அறிக்கையின் நகலைக் கொடுத்தேன், சட்டம் போட்டுக் கடையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார். கிணறு தெளிய இன்னும் காலமாகும், அதுவரை குழாய்த் தண்ணீரில் கடை நடக்கிறது.

சின்ன வயதில் அந்த மூடியைப் பார்த்திருப்பாய், வெயிலில் அது ஞாபகத்துக்கு வந்திருக்கும் என்கிறாள் என் மனைவி. இருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் அவளிடமும் சொல்லாத ஒன்று உண்டு.

நான் ஆறடி உயரம். பேசும்போது அண்ணாச்சி என் முகத்தைப் பார்க்கவே இல்லை. என் இடுப்புக்குப் பக்கத்தில், ஒன்றுமில்லாத ஓர் இடத்தைக் குனிந்து பார்த்துத்தான் பேசினார். அங்கே கையை நீட்டி, தலையில் தட்டுவதுபோல ஒரு தட்டுத் தட்டினார். பைய மிதிச்சுப் போ என்றதும் நிமிர்ந்து ரோட்டைப் பார்த்தார். ஒரு சைக்கிள் வளைவு தாண்டுகிறவரைக்கும் பார்க்கிற மாதிரி அவர் தலை மெல்லத் திரும்பிக்கொண்டே போனது. நான் நின்ற இடத்தைவிட்டு அசையவே இல்லை.