நாச்சிமுத்துவுக்குப் பின்னால் மேகம் வைக்கலாமா?

போன வாரம் எங்கள் பனியன் ஊர் ராயபுரத்தில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் நரகத்தைப் பற்றி விவாதம் நடந்தது. நான் நடுவில் மாட்டிக்கொண்டேன்.

எங்கள் தெரு ஸ்டெல்லாவின் கணவர் நாச்சிமுத்து மாரடைப்பில் இறந்துபோனார். பெருமாநல்லூர் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். ஸ்டெல்லா கிறிஸ்தவர், அவர் இல்லை. ஞாயிறுதோறும் மனைவியைச் சர்ச் வாசலில் இறக்கிவிட்டு, ஆராதனை முடியும்வரை எதிர் டீக்கடையில் பேப்பர் படிப்பார். உள்ளே வந்ததே இல்லை. ஞானஸ்நானமும் எடுக்கவில்லை.

முப்பதாம் நாள் நினைவு ஜெபத்துக்கு ஃப்ளெக்ஸ் அடிக்க வேண்டும். “நீங்க பத்திரிகைக்காரரு... மேட்டர் எழுதிக் குடுங்க சார்” என்று ஸ்டெல்லா கூப்பிட்டார். கூடவே அவருடைய அண்ணன் ஞானசேகர், தம்பி ஜான்சன். அண்ணன், சபையில் மூப்பர். தம்பி, அருள்புரத்தில் ஓர் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர் – வேதபாடமெல்லாம் யூடியூபில்தான்.

நான் வழக்கமான வரியைச் சொன்னேன். ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.’

“அது வேண்டாமுங்க” என்றார் அண்ணன். “மாப்ள தங்கமான மனுசன். ஆனா கர்த்தருக்குள்ள இல்லீங்களே? நாம பொய் எழுதலாமுங்களா?”

கம்ப்யூட்டர் திரையில் நாச்சிமுத்துவின் படம். பின்னால் மேகம், ஒளிக்கதிர், இரண்டு புறா. இறந்தவர்களுக்கென்று எல்லாக் கடையிலும் ரெடியாக இருக்கும் பின்னணி.

“அந்த மேகத்தையும் எடுத்துருங்க தம்பி” என்றார் அண்ணன், கம்ப்யூட்டரில் இருந்தவரிடம்.

டிசைனர் திருநெல்வேலிக்காரர். “அப்போ பின்னாடி என்னத்த வைக்க அண்ணாச்சி? தீயவா வைக்க முடியும்?”

யாரும் சிரிக்கவில்லை.

“ஏனுங்ண்ணா, அந்தத் தீ யாரையும் காலம் பூரா வாட்டறதில்லீங்க” என்று ஜான்சன் பாய்ந்தார். “எரிஞ்சா முடிஞ்சுது. அதுதான் ரெண்டாம் மரணம். ஆண்டவரு என்ன கொடுமக்காரரா?”

“நித்திய ஜீவனுக்கு முடிவில்ல, நித்திய ஆக்கினைக்கு மட்டும் முடிவு இருக்குதா? நல்லாருக்குதுடா உன்ற கணக்கு!”

“தண்டனையோட விளைவுதானுங்ண்ணா நித்தியம். வலி இல்லீங்க.”

இது ராயபுரத்தில் தொடங்கிய சண்டை அல்ல. அந்த நெருப்பு வதைக்கிறதா, அழிக்கிறதா, புடம்போட்டுச் சுத்தமாக்குகிறதா – படித்த கிறிஸ்தவர்கள் பல நூற்றாண்டுகளாக இதைப் பேசுகிறார்கள். அண்ணனைக் கல்நெஞ்சர் என்று நினைத்துவிடாதீர்கள். சாவு வீட்டில் அதிகம் அழுதவர் அவர்தான். பொய் ஆறுதல் சொல்லி, உயிரோடு இருப்பவர்களை ஏமாற்றக் கூடாது என்பது அவர் பயம். தம்பியும் அக்காவின் பாரத்தைக் குறைக்கத்தான் பேசினார்.

அவ்வளவு நேரமும் ஸ்டெல்லாவை இருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“அண்ணன் சொல்ற எடத்துல அவரு வெந்துட்டிருக்காரு” என்றார் ஸ்டெல்லா, திரையைப் பார்த்தபடியே. “இவன் சொல்றதுல அவரே இல்லீங்கறான். அது எனக்கு ஆறுதலா இருக்குமுன்னு வேற நெனைக்கறான்.”

“அக்கா, நான் அப்படிச் சொல்லல...”

“எங்கயோ இருந்தாருன்னா தேடியாச்சும் போயிருவன்டா. இல்லவே இல்லீன்னா நான் எங்க போறது?”

கருணை என்று நினைத்து நாம் நீட்டுவது, வாங்கிக்கொள்பவர் கையை அறுத்துவிடுவதும் உண்டு. தர்க்கத்தில் தம்பி தோற்கவில்லை. ஆனால் அந்தக் கடையில் யாருக்கு வேண்டும் தர்க்கம்?

ஸ்டெல்லா அண்ணன் பக்கம் திரும்பினார். “கண்ணாலம் ஆனதுலிருந்து தெனமும் அவருக்காக ஜெபம் பண்ணிட்டிருந்தனுங்ண்ணா. நம்ம சபையில செத்தவீங்களுக்கு ஜெபம் பண்ணக் கூடாதுங்கறாங்க. எனக்குக் காத்தால எந்திரிச்சா அவரு பேருதானுங்க மொதல்ல வாயில வருது. நிறுத்திரோணுமுங்களா?”

உள்ளறையில் பிரிண்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஞானசேகர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி மாட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

“நிறுத்த வேண்டாங் கண்ணு.”

வெள்ளைப் பின்னணியில் படம், பெயர், ஜெப நேரம். அவ்வளவுதான் போட்டோம்.

சபையின் போதனைப்படி அண்ணன் சொன்னது தவறான பதில். மூப்பர் இன்றுவரை அதற்குத் திருத்தம் வெளியிடவில்லை.