பதினாறு பெயர், பன்னிரண்டு படி

அந்தக் கிளாரினெட்டைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் இன்றும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. பதுளையில் என் மைத்துனரின் துணிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டு, தோட்டத்துக் கல்யாணங்களில் இரண்டாவது நாகசுரம் ஊதிவந்த காலம் அது. ரயில் அப்போது பண்டாரவளையோடு நின்றுவிடும். ஊரில் புதிதாகத் தொடங்கிய பேண்டுக்கு அங்கிருந்து மாட்டுவண்டியில் வாத்தியங்கள் வந்தன. பேண்டு மாஸ்டர் ஒரு பறங்கியர். ஒரு கிளாரினெட்டை என் கையில் கொடுத்தார்.

"ஒரு மாசம் வச்சுக்கோ. கீழ இருந்து மேல வரைக்கும் பன்னெண்டு படி. ஒண்ணும் விடக்கூடாது, ஒண்ணும் ஆடக்கூடாது. சரியா வாசிச்சா ஒனக்குத்தான். இல்லாட்டி திருப்பிக் குடு."

எனக்கு அது வேண்டும். நாகசுரத்தை வீட்டுக்குள் ஊதினால் தெருவே வாசலில் வந்து நிற்கும். இதை அடுப்படி ஓரமாக உட்கார்ந்து எனக்காக மட்டும் ஊதலாம்.

அவர் சொன்னது பன்னிரண்டு. நான் படித்ததோ பதினாறு சுரப் பெயர்: ஸாவும் பாவும் ஒவ்வொன்று, மா இரண்டு, மற்ற நான்கும் மும்மூன்று. அத்தனைக்கும் கருவியில் இடம் தேடினேன். எந்த மூடியை அழுத்தினாலும் நான்கு பெயர்கள் மிஞ்சின. கருவியைத் திட்டினேன், அதைச் செய்தவனையும் திட்டினேன். கடைசியில் நான்கு இடங்களில் ஒரே சுரத்தை இரண்டு தடவை ஊதிவிட்டு மேலே ஏறினேன். இரண்டு வாரம் இந்தக் கூத்து நடந்தது.

அரிசி புடைத்துக்கொண்டிருந்த என் மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"ஏங்க, நடுவுல நடுவுல எதுக்குத் திக்குறீங்க?"

"திக்கல. அது ரெண்டு சுரம். பேரு வேற வேற."

"எங்கண்ணன் எனக்கு அண்ணன், ஒங்களுக்கு மச்சான். அதுக்காக ரெண்டு எலையா போடுறோம்?"

அந்த நான்கு இடங்களில் ஒரே சுரத்துக்குத்தான் இரண்டு பெயர். இரண்டு வாரம் வீணாய்ப் போன கோபத்தை அவள்மேலேயே காட்டினேன்.

பன்னிரண்டு பிடிபட்டது. ஆனால் விரல் சும்மா இருக்கவில்லை. எங்கள் வாசிப்பில் ஸாவும் பாவும் மட்டும்தான் அசையாமல் நிற்கும். ரியையும் காவையும் அசைக்காவிட்டால் உயிரில்லை என்பார்கள். இங்கே பன்னிரண்டும் அடித்த ஆணிபோல் நிற்க வேண்டுமாம். ஒவ்வொரு படியிலும் வழுக்கி அடுத்ததில் விழுந்தேன். உதடு புண்ணாயிற்று. ஒரு நாள் ஆத்திரத்தில் கருவியைப் பெட்டியில் போட்டு மூடினேன். ஐந்து நிமிடத்தில் நானே திரும்ப எடுத்தேன்.

மாதம் முடிந்த அன்று நல்ல மழை. மாஸ்டர் முன்னால் நின்று ஏறினேன். ரி அசையவில்லை, கா அசையவில்லை, எப்போதும் காலை வாரிவிடும் நிகூட அசையவில்லை. பன்னிரண்டையும் கடந்து மேல் ஸாவில் போய் நின்றேன். இனி இது என்னுடையது என்று நினைத்தேன். அப்போதுதான் ஸா ஆடிவிட்டது.

"ஒன் பழக்கம் போகல்ல" என்று மாஸ்டர் கையை நீட்டினார்.

எங்கள் பழக்கத்தில் ஸாவை ஆட்டுகிறவனை மேளக்காரர்களே மேடையிலிருந்து இறக்கிவிடுவார்கள். 'அது பழக்கம் இல்லீங்க, பயம்' என்று சொல்லியிருக்கலாம். வேட்டி நுனியால் கருவியைத் துடைத்து அவரிடம் கொடுத்தேன்.