வெர்னா கொண்டுவந்த அட்டை

பத்தொன்பது வருடங்களாக வெர்னா ஹோல்கம் மதிப்பீட்டாளர் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில் உதவியாளராகவே உட்கார்ந்திருந்தாள். கவுண்டி என்னும் அந்த அமெரிக்க மாவட்டத்தில் எந்த வீட்டுக்கு என்ன விலை வைத்து வரி போடுவது என்று முடிவு செய்யும் மதிப்பீட்டாளர் இந்த வருடம் ஓய்வு பெறுகிறார். அடுத்து தான்தான் என்று நெஞ்சு நிறைய நம்பியிருந்தாள். அப்போது பார்த்து, பள்ளித் தோழி ட்வைலாவும் அந்தப் பதவிக்கான தேர்தலில் நின்றாள்.

தேவாலயக் கூடத்தில் வேட்பாளர்கள் கூட்டம். எல்லோர் முன்னாலும் ஒரு கிண்ணம் சில்லி என்னும் காரமான பீன்ஸ்-கறிக் குழம்பு, ஓரத்தில் இலவங்கப்பட்டை போட்ட இனிப்பு ரொட்டிச் சுருள். ட்வைலா ஒரே ஒரு தாளைத் தூக்கிக் காட்டினாள்.

"உங்க வீட்டு விலை, பக்கத்துல வித்த மூணு வீட்டோட விலை, ஏன் வித்தியாசம். வீட்டுக்கு வர்ற வரி நோட்டீஸ்ல இவ்வளவுதான் இருக்கணும். இப்ப வர்றது யாருக்காவது புரியுதா?"

"என் பொண்டாட்டி கோபம்கூடப் புரிஞ்சிடும், அது புரியாதும்மா!" என்றார் சோளம் பயிரிடும் விவசாயி ஆர்லின். கூடம் சிரிப்பில் அதிர்ந்தது.

அந்த நோட்டீஸை எழுதியவள் வெர்னா. ஊரையே தன் பக்கம் இழுக்கும் ட்வைலாவின் அந்தச் சிரிப்பு! வயிறு எரிந்தது. எழுந்து, பையிலிருந்து ட்வைலா வீட்டின் வரிப் பதிவு அட்டையை உருவினாள்.

"நியாயம் பேசுறியே! உன் வீட்டுக்கு அடியில இருக்குற கீழ்த்தளத்துல படுக்கையறை, குளியலறை கட்டி ஆறு வருஷம் ஆச்சு. அட்டையில வெறும் சிமெண்டுத் தரைன்னு இருக்கு. அதுக்கு வரி யாரு கட்டுறது, ஆர்லினா?"

"என்னை ஏம்மா இழுக்குற?"

யாரும் சிரிக்கவில்லை. ட்வைலாவின் முகம் சிவந்தது.

"கட்டி முடிச்ச வாரமே எழுதிக் கொடுத்தேன். மறு வருஷமும் கொடுத்தேன். ரெண்டு தடவையும் கவுண்டர்ல வாங்கினது நீதான் வெர்னா. 'விடுடி, நமக்குள்ள என்ன'ன்னே. வரி கட்டாம இருந்த அந்த வெக்கந்தான் இன்னைக்கு என்னை இங்க நிக்க வச்சிருக்கு."

வெர்னா கையிலிருந்த அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். தோழிக்கு வரி ஏறக் கூடாதென்று அட்டையில் ஏற்றாமல் விட்ட உபகாரம்; செய்ததையே மறந்திருந்தாள்.

நவம்பரில் ட்வைலா ஜெயித்தாள். ஜனவரியில் பதவியேற்ற அன்றே வெர்னாவைத் தன் வீட்டுக் கீழ்த்தளத்துக்கு அழைத்துப் போனாள்.

"நான் அளந்தா ஊர் பேசும். நீயே அளந்து எழுது. உன் அளவுக்கு வேலை தெரிஞ்சவ இங்க யாரு இருக்கா?"

அளவு நாடாவின் மறுமுனையை மதிப்பீட்டாளரே பிடித்துக்கொண்டாள்.

"எவ்வளவுடி?"

"பதினாறு அடி," என்றாள் வெர்னா.

அறை அத்தனை அழகாக இருந்தது. அதையும் அவளால் பொறுக்க முடியவில்லை.