ஜாடியில் குறைந்த இரண்டு விரற்கடை

கொல்லைக் கதவிடுக்கில் ஈ அடிக்கும் மட்டையை நீட்டி வெர்லீன் ஒரு பறவையைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். "போடா டுவெய்ன்! நீயும் குடிக்கமாட்டே, குடிக்க வர்றவளையும் விடமாட்டே!"

டுவெய்ன் அவளுடைய முதல் கணவன். செத்துப் பதினெட்டு வருடமாகிறது. கட்டைவிரல் அளவும் சிவந்த தொண்டையுமாக வந்த ரீங்காரச்சிட்டுக்கு அவன் பெயரை வைத்திருக்கிறாள். கொல்லையில் தொங்கும் மூன்று சர்க்கரைத் தண்ணீர்க் குப்பிகளுக்கும் அது தன்னைக் காவல்காரனாக நியமித்துக்கொண்டிருக்கிறது.

அமெரிக்காவில் ஆர்கன்சா மலைப்பக்கத்து வீடு. அவளுக்கு வயது எண்பத்தொன்று, கால்விரல் ஒன்பது. பத்தாவதைச் சர்க்கரை நோய் தின்றுவிட்டது. நான்கு வருடமாக அவளுக்குப் புண் கட்டுவதும் ஊசி போடுவதும் நர்ஸான நான்தான்.

ஒரு கோப்பைச் சர்க்கரைக்கு நாலு கோப்பைத் தண்ணீர். காய்ச்சி, ஆறவைத்து, ஜாடியில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைப்பாள். இதில் சிவப்புச் சாயம் கலக்கிற பக்கத்துப் பண்ணை லோரெட்டாவை அவளுக்கு ஆகாது. "பறவைக்கு பெயிண்ட் ஊத்துறா. தன் மூஞ்சியில பூசினது மிச்சம்போல."

இந்த மாதம் காலையில் விரலைக் குத்திப் பார்த்தால் ரத்தச் சர்க்கரை முந்நூறுக்குக் குறையவில்லை. இப்படியே போனால் பாதத்தை எடுக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பாதம் போனால், மகன் ராண்டல் நகரத்து முதியோர் இல்லத்தில் விட்டுவிடுவான். அங்கே ஜன்னல் திறக்காது.

ரொட்டியை நிறுத்தினேன். இறங்கவில்லை. ஜாடியில் பிளாஸ்திரி ஒட்டி அளவு குறித்தேன். விடிந்து பார்த்தால் இரண்டு விரற்கடை குறைந்திருந்தது.

"எந்தச் சிட்டு வெர்லீன், ஃப்ரிட்ஜைத் தொறந்துச்சு?"

"டுவெய்னாத்தான் இருக்கும். உசுரோட இருந்தப்பவே ராத்திரி ஃப்ரிட்ஜை நோண்டுவான்."

"அவனுக்குக் கால் போகாது. உனக்குப் போகும்."

வெர்லீன் குனிந்து தன் ஒன்பது விரலையும் பார்த்தாள்.

மறுநாள் புதிதாகக் காய்ச்சியது ஆறிவிட்டதா என்று பார்க்கப் பாத்திரத்தில் விரலை விட்டாள். விரல் வாய்வரை போய் நின்றது. சட்டென்று அதை ஜன்னலுக்கு வெளியே நீட்டினாள். சும்மா நீட்டிக்கொண்டேயிருந்தாள். டுவெய்ன் வந்தது, அந்தரத்தில் நின்றபடி இரண்டு முறை நக்கிவிட்டு, லோரெட்டா வீட்டுப் பக்கமிருந்து வந்த ஒரு சிட்டை விரட்டப் போய்விட்டது.

"மிச்சம் வச்சுட்டுப் போறான் பாரு, களவாணிப்பய." ஈர விரலைப் பார்த்தாள். "ஏடி, நீ கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பேன்."

நான் திரும்பவில்லை.

பாத்திரம் கழுவும் தொட்டியிலிருந்த சோப்புத் தண்ணீரில் மணிக்கட்டுவரை கையை முக்கினாள் வெர்லீன்.