இன்னும் கொஞ்சம் விறைப்பு

வில் எய்யும் திடலில் என்னை எப்போதும் வென்ற ஒருவரைப் பொறாமையால் பொய் சொல்லி விரட்டினேன். ஒவ்வொரு மர அம்பையும் கன்னத்தில் உருட்டிப் பார்த்த பிறகே எய்யும் மெலிந்த மனிதர் அவர். தோள் வலியால் இலகுவான வில்லுக்கு மாறியதும் அவருடைய அம்புகள் இடப்பக்கமே விலகின.

“தப்பு கையிலயா, அம்புலயா தம்பி?”

அந்த இலகுவான வில்லுக்கு அவருடைய பழைய அம்புகள் விறைப்பு அதிகம், போதுமான அளவு வளையாததால்தான் விலகுகின்றன என்று எனக்குத் தெரியும்.

“கைதான் அண்ணே. வயசாயிருச்சுலா!”

அதோடு அவர் வரவில்லை.

ஓராண்டு கழித்து, நன்றாக வளையும் அம்புகளைச் செய்துகொண்டு சுங்கை பினாங்கிலுள்ள அவர் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். ஒன்றை எடுத்து வளைத்துப் பார்த்தார்.

“நல்லா செஞ்சிருக்க. ஆனா இந்தக் கைக்கு இப்ப இதுவும் விறைப்புதான் தம்பி.”

எய்யாமல் கிடந்த ஓராண்டில் அவர் கை தளர்ந்து, என் பொய் அதற்குள் உண்மையாகியிருந்தது. அம்புகளை மீண்டும் தேய்த்து மெலிதாக்கினேன். இப்போது ஞாயிறுதோறும் அவர் மறுபடி திடலுக்கு வருகிறார்; நான் அவர் நிற்கும் இடத்தை விட்டு வெட்கத்தோடு தள்ளியே நிற்கிறேன்.