உள்ளங்கை வாசம்

வீட்டுக் கதவு திறந்ததும் மாக்கஸ் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் இரண்டு உள்ளங்கைகளையும் நீட்டுவார். மனைவி அருள்மலர் குனிந்து மணந்து பார்ப்பார். மீன் வெடுக்கு இருந்தால் தேநீர் வரும். இல்லாவிட்டால் அன்றைக்கு வீட்டில் பேச்சில்லை. ஸ்காபரோ அடுக்குமாடியில் எதிர்வீட்டுக்காரனான நான் இந்தச் சோதனையைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மாக்கஸுக்குப் பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுசில் வேலை. முன்பெல்லாம் சனிக்கிழமை என்றால் கசினோவில் சூதாட்டம்தான். அதைத் தலைமுழுகி இரண்டு வருடமாகிறது. இப்போது ஸ்ரௌவ்வில்லுக்கு அப்பால் ஓர் ஊற்றோடையில் ட்ரவுட் என்ற ஆற்றுமீன் பிடிக்கிறார். தூண்டிலில் புழு இல்லை. இறகில் நூல் சுற்றி அவரே செய்யும் பொய் ஈ. நூல் அருள்மலரின் தையல் பெட்டியிலிருந்து களவு போகும். பிடித்த மீனைத் திரும்ப விட்டுவிட வேண்டும் என்பது அந்த ஓடையின் சட்டம். அங்கேதான் வந்தது வினை.

"மீன் பிடிக்கப் போற மனிசன் ஒருநாளும் மீனோட வாறேல்லை. நான் மன்னாரில வலைக்காரன்ரை மகள். எனக்கோ கதை விடுறார்?" என்று அருள்மலர் என் மனைவியிடம் அழுதார். மறுபடி கசினோ என்றால் பிள்ளைகளோடு தங்கை வீட்டுக்குப் போய்விடுவாராம். சொன்னால் செய்யக்கூடியவர்.

ஒன்றும் கடிக்காத ஒரு சனிக்கிழமை இந்த அப்பாவி செய்த வேலையைக் கேளுங்கள். பயத்தில், வரும் வழியில் பிளாசா மீன்கடையில் கைக்கு அகப்பட்ட ஒரு மீனை வாங்கிக்கொண்டு வந்து நின்றார். அருள்மலர் செவுளைத் தூக்கிப் பார்த்தார்.

"உது கடல் பாரை. ஆத்திலயோ பாரை பிடிச்சனீங்கள்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர்கள் இருவருக்கும் வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை அருள்மலர் தானே காரில் ஏறி உட்கார்ந்துவிட்டார். துணைக்கு என்னையும் இழுத்தார். ஓடையின் அடியில் கிடந்த கூழாங்கற்களை எண்ணலாம், அவ்வளவு தெளிவு. "எங்கடை நிழல் பட்டாலே ஓடிடும்" என்று மாக்கஸ் எங்களைப் புல்லில் குந்தவைத்தார். இரண்டு மணி நேரம் ஒன்றுமில்லை. அவர் முகம் செத்துப்போயிருந்தது. நான்கூட வேளாங்கண்ணி மாதாவை வேண்டிக்கொண்டேன்; நான் சைவக்காரன்.

பொய் ஈ தண்ணீரில் விழுந்தது. நூல் விறைத்தது. உடம்பெல்லாம் புள்ளியோடு ஒரு ட்ரவுட்.

"கையை நனைச்சிட்டுப் பிடி. காஞ்ச கை பட்டா அதுக்குக் கூடாது" என்றார் மாக்கஸ். அருள்மலர் நனைத்துவிட்டுப் பிடித்தார்.

"இவ்வளவு பாடுபட்டு இதை விடத்தானோ வாறனீங்கள்?"

"ஓம்."

மீன் ஒருமுறை வாலை அடித்துப் போய்விட்டது. அருள்மலர் அழுதுகொண்டே சிரித்தார். எனக்கும் அப்பாடா என்றிருந்தது.

திரும்பி வந்து கதவடியில் மாக்கஸ் வழக்கம்போல் கைகளை நீட்டினார். அருள்மலர் அவற்றை மணக்கவில்லை. தன் இரண்டு உள்ளங்கைகளையும் அவர் மூக்குக்கு நேரே நீட்டினார்.