நான் பூசிய சிவப்பு

போன வாரம் சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். எந்தப் பகுதியின் பிழைப்பு எந்த அளவுக்கு இயற்கையை நம்பியிருக்கிறது என்பதை வரைபடங்களை வைத்து ஒப்பிட வேண்டும். எனக்குப் பிடித்த சப்ஜெக்ட். விடுவேனா?

கம்ப்யூட்டரில் கடலூர் மாவட்டத்தை விரித்து வைத்துக்கொண்டு நிறம் பூசினேன். மண்ணையும் கடலையும் நம்பிப் பிழைக்கும் இடங்களுக்குச் சிவப்பு. ஆபீஸ் சம்பளத்தில் ஓடும் இடங்களுக்குப் பச்சை. மீன்பிடிக் கரையோரம் சிவப்பு. கரும்பு விளையும் பெண்ணாடம் பக்கம் கருஞ்சிவப்பு. நான் குடியிருக்கும் மஞ்சக்குப்பம்... பச்சைப் பசேல்!

பார்க்கப் பார்க்கப் பெருமை தாங்கவில்லை. முதல் நாள் சாயங்காலமே குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டேன். எந்த நிறத்துக்கு என்ன அர்த்தம் என்று கீழே இருந்த குறிப்பை வெட்டிவிட்டுத்தான் போட்டேன் — படம் அழகாக இருக்கட்டும் என்று.

மறுநாள் பேச்சு முடிந்தது. கைதட்டல், சால்வை எல்லாம் ஆனது. பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது போன். பெண்ணாடத்தில் கரும்பு போட்டிருக்கும் என் மனைவியின் தம்பி ராஜவேலு.

"மாமா, மழ எப்ப வருது?"

"எந்த மழை மச்சான்?"

"நேத்து மேப் போட்டீங்களே. எங்கூரு கருஞ்செவப்பா இருந்துச்சே... ரெட் அலர்ட்டுதான?"

அவனே தொடர்ந்தான்.

"காலைல கரும்பு வெட்ட ஆளுங்க வந்தாங்க மாமா. மழ வந்தா கரும்புக் கொல்லைல லாரி எறங்காதேன்னு திருப்பி அனுப்பிட்டேன். அவுங்க வேற கொல்லைக்குப் போயிட்டாங்க. இனி எப்ப வருவாங்களோ தெரியல."

"வானத்தைப் பாக்கலையா மச்சான்?"

"பாத்தேன். வெளுத்துதான் கெடந்துச்சு. ஆனா படிச்சவங்க நீங்க, தெரியாமலா போடுவீங்க?"

அவன் திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை.

கார்த்திகை பிறந்தால் கடலூர்க்காரர்கள் போனில் முதலில் தேடுவது வரைபடத்தின் சிவப்பைத்தானே? அதைப் பார்த்துத்தான் படகைக் கட்டுகிறார்கள், கரும்பு வெட்டைத் தள்ளிப் போடுகிறார்கள். இந்த ஊரிலேயே இருக்கும் எனக்கு அது தெரியாதா? தெரியும். இயற்கையை நம்பி வாழ்கிறவர்களைப் பற்றி ஒரு மணி நேரம் மைக்கில் பேசினேன். அவர்களில் ஒருவன் என் படத்தை எப்படிப் பார்ப்பான் என்று ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து சால்வையை மேஜையில் வைத்தேன். மனைவி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கரும்பு நின்னு காஞ்சா எட கொறஞ்சிடும். கொறையிற எடைக்கு உங்க சால்வையையா தூக்கி வைப்பான்?"

குறிப்போடு படத்தை மறுபடி குரூப்பில் போட்டேன். 'இது மழை மேப் இல்லை, தப்பு என்னுடையது, மன்னிச்சுக்கோ மச்சான்' என்று எழுதினேன்.

கொஞ்ச நேரத்தில் ராஜவேலுவின் பதில் வந்தது.

'பரவால்ல மாமா. வேற ஆளுங்களுக்குச் சொல்லி வச்சிருக்கேன். நாளைக்கு வெட்டலாமா?'

ஜன்னலைத் திறந்து வானத்தைப் பார்த்தேன்... அந்த வாரத்தில் முதல் தடவையாக.